மச்சான் சொன்ன பக்கம்

தாழ்ப்பாள் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. வீட்டுக் கதவில் இருக்கும் தாழ்ப்பாளைச் சொல்லவில்லை. எங்கள் ஊர் கால்பந்து அணியின் கோல் வாசலில் பதினைந்து வருஷம் நின்ற மனிதரைச் சொல்கிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைத் தபால்காரர் மட்டும் பயன்படுத்தினார். மற்ற எல்லாருக்கும் அவர் தாழ்ப்பாள். அவர் நிற்கும்போது கதவு திறக்காது என்று அர்த்தம். சில ஆட்டங்களில் நாலு தடவை, ஐந்து தடவை திறந்ததுண்டு. நாகரிகம் தெரிந்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் பஸ் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு முன்னால் போகிற வண்டிகள் எல்லாம் தப்பாகத்தான் போகின்றன. அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். கோபக்காரன் பேச்சுதானே என்று ஒதுக்காமல் கேளுங்கள். இந்தக் கதையில் தப்பான பக்கம் திரும்பிய வண்டி நான்தான்.

அவர் கடைசியாக ஆடிய தேதியில் வருஷா வருஷம் கூடிப் பேசுவது என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தோம். முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இடம், என் மச்சான் வேலை செய்கிற செருப்புக் கடை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கடை அவருடையது அல்ல. முப்பது வருஷமாக அங்கே விற்பனையாளர், அவ்வளவுதான். ஆனால் சாவி அவரிடம் இருக்கும். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்க்கிற நீள பெஞ்சில் நானும் கணக்கு வாத்தியாரும் மருந்துக் கடைக்காரரும் உட்கார்ந்தோம். மச்சான் எங்களுக்கு எதிரே குட்டை ஸ்டூலில். அது தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான் இருக்கும். காலை வைப்பதற்கு முன்பக்கம் ஒரு சரிவுப் பலகை. நல்ல நாற்காலி கிடைத்தாலும் மச்சான் அதில் நெளிவார்.

முப்பது வருஷமாக அவர் ஊர்க்காரர்களின் காலைப் பார்த்திருக்கிறார். ஊர்க்காரர்கள் பார்த்தது அவருடைய உச்சந்தலையை. தெருவில் எதிரே வந்தால் பலருக்கு அவரை அடையாளம் தெரியாது. குனிந்து காட்டினால் ஒருவேளை தெரியும்.

பேச்சு வழக்கம்போல் கைக்குட்டையில் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் தாழ்ப்பாள் ஒரு கைக்குட்டையை எடுத்து இரண்டு கோல் கம்பங்களையும் துடைப்பார், வீட்டுக்கு விருந்தாளி வருவதுபோல. கடைசி ஆட்டம் முடிந்ததும் அந்தக் கைக்குட்டையைக் கம்பத்தில் முடிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அதை எடுத்துவந்தது தாம்தான் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறார். இதே கைக்குட்டை மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டிலும் பள்ளிக்கூடக் காவலாளி வீட்டிலும் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒன்று நீலம், ஒன்று கட்டம் போட்டது. மருந்துக் கடைக்காரருடையதில் பூவேலை இருக்கிறது.

அடுத்து அவர் மழையை வரவழைத்தார். கடைசி ஆட்டத்தில் கொட்டுகொட்டென்று கொட்டியதாம், தாழ்ப்பாள் அழுதது அதில் தெரியாமல் போனதாம். வாத்தியார் தமது நோட்டைப் புரட்டி, அன்று வானம் தெளிவாக இருந்தது, காற்று மிதமாக வீசியது என்று வாசித்தார். அவரிடம் பதினைந்து வருஷ ஆட்டங்களுக்கும் நோட்டு உண்டு. மாணவர்கள் அவரைக் கண்டு ஏன் நடுங்குகிறார்கள் என்று அந்த நோட்டுகளைப் பார்த்தால் புரியும். மருந்துக் கடைக்காரர் அசரவில்லை. அப்படியென்றால் அழுதது நன்றாகவே தெரிந்திருக்கும் என்றார்.

இப்படி அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்துக்கு மட்டும் பேச்சு வந்துவிடக் கூடாது என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்தால் டீ வாங்கப் போவதாகச் சொல்லி எழுந்துவிடுவது என் ஏற்பாடு. ஆனால் என் மனைவி அன்று பார்த்துப் பெரிய பிளாஸ்க் நிறைய டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏன் பயந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் மச்சானுடைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் உட்காருவது ஒரு கோல் வாசலுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில். தாழ்ப்பாளின் முதுகுக்கும் எங்கள் முகத்துக்கும் நடுவே வலை மட்டும்தான். அந்தப் பக்கம் பெனால்டி வந்தால் மச்சான் எழுந்து நிற்பார். சுற்றி இருப்பவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். பந்தை உதைக்கப் போகிறவனுடைய கால்களை மச்சான் உற்றுப் பார்ப்பார். உதைக்கிற காலை அல்ல, ஊன்றப் போகிற காலை. கடைக்குள் நுழைகிறவர் பத்தடி நடப்பதற்குள் அளவு என்ன, எந்தப் பக்கம் குதிகால் தேயும் என்று சொல்லக்கூடியவர் அவர். ஊன்றுகிற காலின் பெருவிரல் எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ பந்து அந்தப் பக்கம் போகும் என்பது அவர் கணிப்பு. உதைப்பதற்கு ஒரு நொடி முன்னால் அடித்தொண்டையிலிருந்து ஒரே ஒரு சொல் வரும். "இடது!" அல்லது "வலது!" அமைதியான மனிதர் வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற சத்தம் அது.

எங்கள் பக்கத்து வாசலில் மொத்தம் பதினேழு பெனால்டி. பன்னிரண்டைத் தாழ்ப்பாள் பிடித்தார். எதிர்ப்பக்க வாசலில் பதினாலு. அதில் பிடித்தது இரண்டு. வாத்தியாரின் நோட்டில் இருக்கிறது. இதை வைத்து மச்சான் கட்டிய கோட்டை கொஞ்சநஞ்சம் அல்ல. தாழ்ப்பாள் என்கிற பெரிய மனிதர் தம் பேச்சைக் கேட்டுத்தான் பாய்கிறார் என்று பதினைந்து வருஷமாக நம்பினார். வெளியே பெருமையடித்துக்கொள்ள மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும், "நான் சொன்னேன், அவர் போனார்" என்று தங்கையிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார். வேறு யாரும் அவர் பேச்சைக் கேட்டு எங்கேயும் போனதில்லை. சொந்த முதலாளிகூட.

இதில் ஒரு சின்னச் சிக்கல். முதல் ஒன்றிரண்டு தடவையை விட்டால், தாழ்ப்பாள் ஒவ்வொரு தடவையும் மச்சான் சொன்னதற்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தார்.

மச்சான் இடது என்பார். தாழ்ப்பாள் வலது பக்கம் பாய்ந்து பந்தை அள்ளுவார். மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்காருவார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். ஆரம்பத்தில் ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நீங்கள் சொன்னது ஒரு பக்கம், அவர் போனது ஒரு பக்கம் என்று சொல்லிவிட்டேன். மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்து, இடது என்றேன், இடதில்தான் போனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார் என்றார். பகல் வெளிச்சத்தில் ஒரு மனிதர் இப்படிப் பொய் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீடு வரைக்கும் சண்டை. அவர் பத்து நாள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என் மனைவி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"எங்க அண்ணனுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். இன்னொரு தடவை அதைக் கிளப்பினீங்கன்னா பஸ்லயே படுத்துக்குங்க."

அதற்கப்புறம் நான் கிளப்பவில்லை. வாத்தியாரும் மருந்துக் கடைக்காரரும்கூட வாயைத் திறந்ததில்லை. வாசலுக்குப் பின்னால் உட்கார்ந்த அத்தனை பேரும் இரக்கப்பட்டே ஊமையானோம். நான் எனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மச்சான் தவறாமல் தப்பாகச் சொல்கிறார். தாழ்ப்பாள் அதைக் கண்டுபிடித்து, அவர் சொல்வதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்.

இனி கடைசி ஆட்டம். கோப்பைக்கான இறுதி ஆட்டம் அது. ஆளுக்கு ஒரு கோல். விசில் ஊத ஒரு நிமிஷம் இருக்கும்போது எங்கள் பக்க வாசலில் எதிரணிக்குப் பெனால்டி. மச்சானுக்கு மூன்று நாளாகச் சளி. காதில் பஞ்சு, கழுத்தில் மப்ளர், தொண்டையில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. எழுந்து நின்றார், கால்களைப் பார்த்தார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. சட்டென்று என் காதைப் பிடித்து இழுத்து, "இடது. நீ சொல்லு" என்றார்.

அந்த ஒரு நொடியில் எனக்கு இல்லாத மூளை வேலை செய்தது. மச்சான் இடது என்றால் பந்து வலதுக்கு வரும். ஆனால் கத்தப்போவது என் குரல். தாழ்ப்பாளுக்குப் பழக்கமில்லாத குரல். புதுக் குரல் சொல்வதை அவர் ஏன் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும்? அப்படியே நம்பி இடது பக்கம் பாய்ந்தால் கோப்பை போய்விடுமே. ஆகவே மனிதருக்கு உதவி செய்ய நினைத்து, நான் முழுத் தொண்டையில் "வலது!" என்று கத்தினேன்.

தாழ்ப்பாள் இடது பக்கம் பாய்ந்தார். பந்து வலது பக்கம் போனது.

அது அவர் வாழ்க்கையில் வாங்கிய கடைசி கோல். கைக்குட்டையைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார். காதில் பஞ்சோடு நின்ற மச்சான் நான் கத்தியதைக் கேட்கவில்லை. "உன் சத்தம் அவருக்கு எட்டல மாப்ளே, விடு" என்று முதுகைத் தட்டினார். ஒரு வருஷமாக அந்தத் தட்டு என் முதுகில் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும்கூட. பஸ் இருக்கை தூங்குவதற்கு ஏற்றதல்ல.

டீயை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சேதியைப் போட்டு உடைத்தார். தாழ்ப்பாள் இங்கேயே வரப்போகிறாராம். அவருடைய அக்கா மகள் வாத்தியாரிடம்தான் படிக்கிறாள். அவள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். முழங்கால் வலிக்கு மெத்தென்ற காலணி ஒன்றும் வேண்டுமாம். நாலு மணிக்கு வருவாராம். அப்போது மணி மூன்றே முக்கால்.

மருந்துக் கடைக்காரர் உடனே கைக்குட்டை விஷயம் பேச வேண்டாம் என்று எங்களைக் கேட்டுக்கொண்டார். மச்சான் எழுந்து ஏணியில் ஏறினார். மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, தூசி தட்டி, ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தார். பதினோராம் அளவு. பதினைந்து வருஷம் வலைக்குப் பின்னாலிருந்து குதிகாலை மட்டும் பார்த்தே அளவைத் தெரிந்து வைத்திருந்தார். பிறகு சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு எங்களிடம் சொன்னார்.

"ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போறேன். என் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சான்னு. அவர் கேட்டுச்சுன்னு சொன்னாப் போதும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாத்தியாரைப் பார்த்தேன். வாத்தியார் நோட்டைப் பார்த்தார். எப்படியாவது அந்தக் கேள்வியை வராமல் தடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது. எப்படி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மனிதர் உண்மையைச் சொன்னால் மச்சான் உடைந்துபோவார். அதில் கடைசி ஆட்டமும் கிளறப்பட்டால் நான் உடைந்துபோவேன். பஞ்சராவது ஏற்படக் கூடாதா அவர் வண்டிக்கு என்று வேண்டிக்கொண்டேன். பஸ் ஓட்டுகிறவன் வேண்டிக்கொள்ளக் கூடாத விஷயம் அது.

சரியாக நாலு மணிக்குப் பாதி ஷட்டருக்குக் கீழே இரண்டு பெரிய கால்கள் வந்து நின்றன. "பதினொண்ணு" என்றார் மச்சான் நிம்மதியாக. பிறகு தாழ்ப்பாள் குனிந்து உள்ளே வந்தார். பக்கத்தில் பார்த்தால் அவ்வளவு உயரம் இல்லை. தலையில் நரை இருந்தது. கைகள் மட்டும் அதே கைகள். மருந்துக் கடைக்காரருடன் கைகுலுக்கியபோது அவர் கை எங்கே போனதென்றே தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார், டீ வாங்கிக்கொண்டார், சிரித்தார். எங்கள் நாலு பேருக்கும் பேச்சு வரவில்லை. பதினைந்து வருஷம் அவரைப் பார்த்துக் கத்திய வாய்கள்.

மச்சான் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டுவிட்டார்.

"வாசலுக்குப் பின்னாடி ஒருத்தர் சத்தம் போடுவாரே, இடது வலதுன்னு. அவரைப் பார்க்கணும்னுதான் முக்கியமா வந்தேன். உங்கள்ல யாரு?"

மச்சானின் முகம் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவர் கல்யாணத்தில்கூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. நான்தான் என்று கையைத் தூக்கினார். தாழ்ப்பாள் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்களாலதான் நான் பேர் வாங்கினேன். முதல் ரெண்டு தடவை நீங்க சொன்ன பக்கமே பாய்ஞ்சேன், ரெண்டும் எதிர்ப்பக்கம் போயிருச்சு. மூணாவது தடவை யோசிச்சேன். இந்த மனுஷன் ஒரு தடவைகூடத் தப்பாம தப்பாச் சொல்றாரே, திருப்பிப் போட்டுப் பார்ப்போமேன்னு. அன்னிலேருந்து நீங்க இடதுன்னா நான் வலது. எல்லாரும் சரியாச் சொல்றவனைத் தேடுவாங்க. எனக்குக் கடவுள் கொடுத்தது உங்களை."

சொல்லிவிட்டு மனம் விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர், நன்றி சொல்வதாகத்தான் நினைத்திருந்தார். சிரிப்பு முடிந்தபோது அவர் மட்டும்தான் சிரித்திருந்தார் என்பது அவருக்கே தெரிந்தது. ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்து, டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.

மச்சான் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதை அவர் பார்த்துவிட்டார். நாலு பேருக்கும் முன்பே தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தாழ்ப்பாள் சொன்னதைவிட அது அவரை அதிகம் அடித்தது என்று நினைக்கிறேன். என் மனைவி பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ மூடிவிட்டிருந்தது.

"காலணி போட்டுப் பார்த்துருவோம் சார்" என்றார் மச்சான்.

ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தார். மறுபடியும் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. பெட்டியைத் திறந்து, கயிற்றைத் தளர்த்தி, முப்பது வருஷமாக நாளைக்கு நூறு தடவை சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னார்: "இடது காலைக் கொடுங்க." தாழ்ப்பாள் இடது காலைச் சரிவுப் பலகையில் வைத்தார். மச்சான் தம் வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

வலது கையால்.

நான் அந்தக் கையையே பார்த்தேன். என் பஸ்ஸில் நானும் அறுபது பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்போம். நான் இடது என்றால் அறுபது பேருக்கும் அது இடதுதான். வேறு மாதிரி ஒரு இடது உலகத்தில் இருக்கும் என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தோன்றியதில்லை. மச்சான் வாழ்நாள் முழுக்க மனிதர்களுக்கு எதிரே உட்கார்ந்தவர். அவர் இடது என்றால் எதிரே இருப்பவருடைய இடது. தம்முடைய இடதைப் பற்றி நினைக்க அவருக்கு நேரம் இருந்ததே இல்லை. மைதானத்தில் எதிரே நின்றது பந்தை உதைக்க வந்தவன். மச்சான் சொன்னது அவனுடைய இடது. பந்து அங்கேதான் போனது. தாழ்ப்பாளும் அங்கேதான் பாய்ந்தார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் மச்சான் சொன்னது பொய்யே இல்லை. பதினேழு தடவையும் அவர் சரியாகத்தான் சொன்னார். நாங்கள்தான் பதினேழு தடவையும் அவருக்காக இரக்கப்பட்டோம்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட இருக்கவில்லை. வாயைத் திறந்து சொன்னால் எல்லாரும் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். வாத்தியார் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். கடைசி ஆட்டம் வராமல் போகாது. பேசாமல் இருந்தால் மச்சான் தப்பாகச் சொன்னவர் என்பதோடு விஷயம் முடிந்துவிடும். கோப்பையைத் தொலைத்தவன் யார் என்று எவனும் கேட்க மாட்டான். மச்சான் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். முதல் முடிச்சு போட்டாயிற்று. இரண்டாவது இரண்டு தடவை நழுவியது. முப்பது வருஷத்தில் அவர் முடிச்சு போட இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டார். எனக்கு என்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மச்சான், கையை எடுக்காதீங்க" என்றேன். "அது எந்தக் கால்?"

"இடது கால்."

"அது எந்தக் கை?"

அவர் நிமிர்ந்து தம் கையைப் பார்த்தார். யாருக்கோ சொந்தமான கையைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

நான் அவசரத்தில் திக்கித்திணறிச் சொன்னதை வாத்தியார் பிடித்துக்கொண்டார். என்னை எழுப்பி நிறுத்தி, மருந்துக் கடைக்காரரை எனக்கு எதிரே பந்து உதைக்கிறவராக நிறுத்தி, தாழ்ப்பாளின் பழைய செருப்பைப் பந்தாக நடுவில் வைத்து, வகுப்பே எடுத்துவிட்டார். தாழ்ப்பாள் ஒரு காலில் புதுக் காலணியோடு எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி நீட்டிப் பார்த்தார். பிறகு மச்சானுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலியோடு உட்கார்ந்தார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

"அப்ப நீங்க தப்பே பண்ணலையா அண்ணே?"

மச்சான் இல்லை என்று தலையை ஆட்டினார். கண் நிறைந்திருந்தது. என் மனைவி வெளிப்படையாகவே அழுதாள். மருந்துக் கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். எந்தக் கைக்குட்டை என்று நான் கேட்கவில்லை.

வாத்தியார் அதற்குள் நோட்டில் ஒவ்வொன்றாகச் சரி பார்த்துக்கொண்டு வந்தார். பதினாறு வரிசையும் சரியாக வந்தது. பதினேழாவதில் பேனா நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கணக்கில் எந்த வரியில் தப்பு என்று தெரிந்துவிட்டால் வாத்தியார்கள் உடனே அதைச் சொல்ல மாட்டார்கள். தப்பு பண்ணியவனே எழுந்து நிற்கட்டும் என்று காத்திருப்பார்கள். கடைசி ஆட்டத்தில் "வலது" என்று சத்தம் வந்ததாக இங்கே எழுதியிருக்கிறேன் என்றார். மச்சான், தாம் சொன்னது இடது அல்லவா என்றார். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் எழுந்தேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"நான்தான் மாத்திச் சொன்னேன்" என்றேன். ஏன் மாற்றினேன் என்பதையும் சொன்னேன். புதுக் குரலைத் தாழ்ப்பாள் அப்படியே நம்பிவிடுவார் என்று நினைத்ததையும், உதவி செய்யத்தான் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சப்பைக்கட்டாக எனக்கே கேட்டது. தாழ்ப்பாள் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று குரல் வேறாக இருந்தது தமக்கும் தெரிந்ததாம். அண்ணனுக்குச் சளி பிடித்திருக்கும்போல என்று நினைத்து, வழக்கம்போலத் திருப்பிப் போட்டாராம்.

மச்சான் கைக்குட்டையை மடித்தார். மறுபடியும் மடித்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"பதினஞ்சு வருஷம் வலைக்கு அந்தப் பக்கம் நின்னவர், என் முகம்கூடத் தெரியாது, தலைகீழாவாவது என் பேச்சை நம்பினார்" என்றார். "நீ என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்த மாப்ளே."

பஸ் ஓட்டுகிறவனை ஊரே திட்டும். அதெல்லாம் ஜன்னலோடு போய்விடும். இது போகவில்லை. நான் அவருக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன், மன்னிச்சிருங்க மச்சான் என்றேன். அவர் திரும்பி உட்கார்ந்து, தாழ்ப்பாளின் வலது காலைக் கேட்டு வாங்கி, இரண்டாவது காலணியைப் போட்டுவிட்டார். இரண்டும் கச்சிதமாக இருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மச்சான் வருவாரா என்று தெரியவில்லை. வந்தார். என் பக்கத்தில் காலியாக இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். கோல் வாசலில் அந்த வாரம்தான் வெளியூரிலிருந்து வந்த கோல்கீப்பர், நல்ல உயரம், கம்பத்தைத் துடைக்கிற பழக்கம் இல்லை. இரண்டாவது பாதியில் எங்கள் பக்கம் பெனால்டி வந்தது. சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சேதி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது, என்னைப் பற்றிய பகுதி உட்பட.

மச்சான் எழுந்து நின்று கால்களைப் பார்த்தார். அவருக்கு அன்று சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. தொண்டை நன்றாகவே இருந்தது. ஆனாலும் குனிந்து என் காதைப் பிடித்து இழுத்தார்.

"இடது. நீ சொல்லு."

பந்து எந்தப் பக்கம் வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். இந்தப் புது மனிதனுக்கு நம்முடைய ஏற்பாடு ஒன்றும் தெரியாது என்பதும் தெரியும். கேட்டது கேட்டபடியே பாய்வான். ஒரு சொல்லை மாற்றிவிட்டால் போதும். மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தைப் பார்க்கவே இல்லை.

நான் எழுந்து நின்று முழுத் தொண்டையில், "இடது!" என்று கத்தினேன்.

அவன் இடது பக்கம் பாய்ந்தான். பந்து வலது பக்கம் போனது. கோல். பின்வரிசையிலிருந்து யாரோ என்மேல் காலி டப்பாவை எறிந்தார்கள். என் குடும்பத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் வந்தன. வாத்தியார் நோட்டில் எழுதிக்கொண்டார். மச்சான் மெதுவாக உட்கார்ந்து, எனக்கும் இடம் விட்டு நகர்ந்தார்.

"இன்னும் ஒரு தடவை இப்படித்தான் போகும்" என்றார் நிதானமாக. "மூணாவதுல கத்துக்குவான்."

நான் தோளில் விழுந்த டப்பாவைத் தட்டிவிட்டு, சரி மச்சான் என்றேன்.